வண்டாவதற்குள்

"முதல்ல அந்த டப்பாவை வெளியே எடும்மா. உள்ளே ஏதோ நெளியுது!"

ஃபிரிட்ஜ் மெக்கானிக் இரண்டடி பின்வாங்கினார். தொழிலில் அழுகின காய் முதல் செத்த எலி வரை எல்லாம் பார்த்தவர்தான். பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உயிரோடு புழு வைத்திருக்கும் வீட்டை இப்போதுதான் பார்க்கிறார்.

"ஐயோ, நெளியுதா?" மருமகள் ஓடிவந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். தவிட்டுக்குள் மஞ்சள் புழுக்கள் மெல்ல ஊர்ந்தன. "பாருங்கண்ணே, உள்ள விளக்கு எரியுது, குளிர் மட்டும் இல்ல. குளிர் இருந்தா இதுங்க அசையாது. தூங்கும்."

"தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி," கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "கோழிக்குப் போட்டுத் தொலைன்னு தலைபாடா அடிச்சுக்கறேன், கேட்டாத்தானே?"

"அத்தையும் முன்னல்லாம் இப்படி இல்லண்ணே. அவங்களே இதுக்குக் கிழங்கு நறுக்கிக் கொடுப்பாங்க. ஒரு வாரமாத்தான் இந்த டப்பாவைக் கண்டாலே ஆகல."

மாமியார் மருமகள் பஞ்சாயத்தில் தலையைக் கொடுக்க மெக்கானிக் தயாராக இல்லை. ஃபிரிட்ஜை இழுத்து, பின்பக்கம் குனிந்துகொண்டார்.

"கோழிக்கா இதை வளர்க்கறீங்க?"

"ஆமாண்ணே, மாவுப்புழு. எங்க வீட்டுக்காரரு ஆரம்பிச்சது. கட்டிலுக்கு அடியில தட்டு தட்டா வச்சிருந்தாரு. தவிட்டைப் போட்டு, ஈரத்துக்கு ஒரு உருளைக்கிழங்குத் துண்டு வச்சா போதும், தானா பெருகும். அவரு காலடிச் சத்தம் கேட்டாலே கோழிங்க பறந்துக்கிட்டு வரும்."

"இப்ப எங்க அவரு?"

"மலைப்பக்கம் சுரங்கப்பாதை தோண்டுறாங்கல்ல, அந்த வேலைக்குப் போயிருக்காரு. ஒரு மாசத்துல வந்துடறேன்னாரு. மத்ததெல்லாம் கோழிக்குப் போட்டுட்டு, இந்த ஒரு டப்பாவை மட்டும் என் கையில கொடுத்து, 'இது வண்டாகறதுக்குள்ள வந்துடுவேன், நானே கோழிக்குப் போடுவேன்'னு சொல்லிட்டுப் போனாரு."

கூடத்தில் மாமியார் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

"மாசம் தாண்டிடுச்சு. அங்க போனும் எடுக்காதாம். புழு ஒண்ணு ரெண்டு சுருள ஆரம்பிச்சதும் பயந்துட்டேன். குளிர்ல வச்சா வளராம அப்படியே கிடக்கும்னு அவரே ஒரு தடவை சொல்லியிருக்காரு. அதான் தூக்கி உள்ள வச்சுட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, பசியாற விட்டு, மறுபடியும் உள்ள."

கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார் மெக்கானிக். அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு ரெண்டு புழு கூட்டுப்புழுவாயிடுச்சுண்ணே. வெள்ளையா, செத்த மாதிரி கிடக்கு. அடுத்தது வண்டுதான். எப்படியாவது இப்பவே சரி பண்ணிக் கொடுத்துடுங்க." டப்பாவை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

மோட்டாரில் குறையில்லை. வயரிலும் குறையில்லை. மெக்கானிக் முன்பக்கம் வந்து, காய்கறித் தட்டுக்குப் பின்னால் கைவிட்டுக் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தேடினார். அது பூஜ்ஜியத்தில் நின்றது. தானாகத் திரும்புகிற திருகு இல்லை அது, விரலுக்கே முரண்டு பிடித்தது.

"இதை யாரும்மா..." என்று நிமிர்ந்தவர் பாதியில் நிறுத்தினார்.

மருமகளுக்குப் பின்னால், கதவு நிலையைப் பிடித்தபடி மாமியார் நின்றிருந்தாள். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. ஒரு வயர் லூஸா இருந்துச்சு."

திருகைத் திருப்பியதும் மோட்டார் உறுமியது. மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டப்பாவை நன்றாகக் குளிர்படும் மூலையில் வைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

வாசல் கேட்டைத் தாழிடும் சாக்கில் மாமியார் மெக்கானிக்கின் பின்னாலேயே வந்தாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கே நல்லா இருக்காம்மா? புருஷன் வருவான்னு அந்தப் பொண்ணு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதோட மல்லுக்கட்ட உங்களுக்கு ஃபிரிட்ஜுதான் கிடைச்சுதா?"

அவள் ஒருமுறை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"போன வாரம் அவ தவிடு வாங்கப் போயிருந்த நேரத்துல, அவன்கூட வேலை பார்த்த ஆளு வந்தான் தம்பி. சுரங்கத்துல மண்ணு சரிஞ்சு மூடிடுச்சாம். யாரையும் எடுக்க முடியலையாம். தங்கியிருந்த இடத்துல கிடந்த அவன் சட்டையை மட்டும் கொடுத்துட்டுப் போனான். என் துணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன்."

உள்ளே மருமகள் மோட்டார் சத்தத்தோடு சேர்ந்து ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

"பெத்தவ வாயால நான் எப்படிப்பா அவகிட்ட சொல்லுவேன்? அந்தப் புழு வண்டாகி, அதுவே சொல்லட்டும்னுதான் திருகைத் திருப்பி வச்சேன்."