மாமி கையில் ஒரு வில்லை

"வண்டியத் திருப்புங்கண்ணே!" என்று அர்ஷியா பதறினாள். கைப்பைக்குள் இருந்த போன் ஊரையே கூட்டுவது போலக் கத்திக்கொண்டிருந்தது.

ஆட்டோக்கார மரியசெல்வம் பிரேக்கைப் போட்டுத் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, இப்பதான் பஸ் ஸ்டாண்டே தாண்டியிருக்கோம். இன்டர்வியூன்னு சொன்னீங்க?"

"மாமிக்கு சக்கரை பாக்குற மிஷின்ண்ணே. சிக்னல் போயிடுச்சு. வீட்டுக்கே போங்க, சீக்கிரம்!"

அவள் மாமியார் கமர் நிஷாவின் மேல்கையில் சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருக்கும். உடம்பில் சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று அது ஓயாமல் பார்த்து அர்ஷியாவின் போனுக்குச் சொல்லும். அந்தப் போன், துபாயில் இருக்கும் அவள் கணவன் சஃப்வானின் போனுக்குச் சொல்லும். வில்லையும் போனும் ஒரே வீட்டுக்குள் இருந்தால் சரி. அவள் போனோடு வெளியே கிளம்பிவிட்டால் தீர்ந்தது, அங்கே சஃப்வானுக்கு மூக்கு வியர்த்துவிடும்.

இதோ, வியர்த்துவிட்டது.

"எங்க இருக்கே?" என்றான், ஸலாம்கூடச் சொல்லாமல்.

"ஸ்கூலுக்குக் கெளம்புனேன் மச்சான்... கணக்கு டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. இதோ, வீட்டுக்குத் திரும்பிட்டேன்."

"உம்மா அங்க மயங்கி விழுந்து கெடந்தா யாரு பாக்குறது? உனக்கு வேலை பெருசா, எங்க உம்மா உசுரு பெருசா?"



போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமே என்பீர்கள். அதையும் செய்து பார்த்தாள். அன்றைக்கு வீடியோவில் வந்தவன் மாமி முகத்தைப் பார்த்ததும், "அவ எங்க?" என்று போட்ட கூச்சல் இன்னும் காதில் கிடக்கிறது. மாமிக்கென்று ஒரு நல்ல போன் வாங்கித் தரச் சொன்னால், "உம்மாவுக்கு அதெல்லாம் வராது" என்கிறான். கூடவே அழைத்துப் போகலாம் என்றால் மாமி முட்டிவலிக்காரி, வாசற்படி இறங்கவே ஆள் வேண்டும்.

தெருவிலோ சஃப்வானுக்கு ஏகப்பட்ட நல்ல பெயர். கல்யாணம் முடிந்து விமானம் ஏறிய கையோடு தாய்க்கு இப்படி ஒரு வில்லையை வாங்கி அனுப்பிய பிள்ளை வேறு எந்த வீட்டில் இருக்கிறான்? பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறவேண்டும் என்று பேசாத ஆள் இல்லை. அதைக் கேட்கும்போது அர்ஷியாவுக்குப் பெருமையாகவும் இருக்கும், மூச்சு முட்டுவது போலவும் இருக்கும்.

அவள் வீட்டுக்குள் ஓடி வந்தபோது மாமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போனில் சிக்னல் திரும்பி வந்தது. அளவு நூற்று இரண்டு.

உடனே சஃப்வான் மறுபடி கூப்பிட்டான். "வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"சரி" என்று வைத்துவிட்டான். அளவு எவ்வளவு என்று கேட்கக்கூட மறந்துவிட்டான், அவ்வளவு பதற்றம் போலிருக்கிறது.

"ஒண்ணுமில்ல மாமி, நல்லாத்தான் இருக்கு" என்றாள் அர்ஷியா. நேற்றுப் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் கொடுத்த தம்ரூட் இனிப்பை மாமி இரண்டு துண்டு உள்ளே தள்ளியபோது இவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கும் அளவு பெரிதாக ஏறவில்லை. எல்லாம் தான் காலையில் கொடுக்கும் வெந்தயத் தண்ணீரின் மகிமை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் உட்கார்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஏற்கெனவே இரண்டு வேலை இப்படித்தான் கைநழுவிப் போயின. இந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்கள், இன்று வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

"படிச்சதெல்லாம் வீணாப் போவுது மாமி. இந்த நாலு செவுத்துக்குள்ளயே செத்துருவேன் போலருக்கு. ஆனா உங்கள விட்டுட்டு எப்படிப் போவேன்? உங்களுக்கு ஒண்ணுன்னா அல்லாஹ்கிட்ட நான் என்ன பதில் சொல்லுவேன்?"

கமர் நிஷா மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வில்லையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஆட்டோ போயிடுச்சா?" என்றாள் கடைசியில்.

"வாசல்லதான் நிக்கிது. காசு குடுக்கணும்."

"போன இப்படிக் குடு. மூஞ்சியக் கழுவிட்டுக் கெளம்பு. அவன் கூப்பிட்டா நான் பேசிக்கிறேன்."

"வேணாம் மாமி. அவங்க சத்தம் போடுவாங்க. எல்லாம் உங்க மேல வெச்ச பாசம்."

"பாசமாம் பாசம்!"

சொன்னவள், நகத்தைக் கொடுத்து அந்த வில்லையின் ஓரத்தை நெம்பினாள். அர்ஷியா தடுப்பதற்குள் அதைப் பிய்த்தெடுத்து, பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்புக்குள் போட்டாள். மேல்கையில் பொட்டு ரத்தம் துளிர்த்தது.

"யா அல்லாஹ்! என்ன மாமி பண்றீங்க?" அர்ஷியா அலறினாள். "திடீர்னு சக்கரை ஏறிப்போனா எனக்கு எப்படித் தெரியும்?"

கமர் நிஷா அப்போதுதான் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு சக்கரையே கெடையாதும்மா."