எல்லாம் அந்த ஃபேனால்

"ஃபேன்!" என்றபடியே வீட்டுக்குள் நுழைந்தார் ஒஸ்வால்ட். "எல்லாம் அந்த ஃபேனால வந்த வினை!"

பாதி அயர்ன் பண்ணிய சட்டையை அப்படியே மேசையில் விட்டுவிட்டு, காலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டிருந்த மனைவி மாக்ரெட் நிமிர்ந்து பார்த்தாள். மனுசன் தோற்றுவிட்டு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. வென்றிருந்தால் ஆட்டம் எழுதிய ஸ்கோர் ஷீட்டைக் கொடி மாதிரிப் பிடித்துக்கொண்டல்லவா வந்திருப்பார்!

ஒஸ்வால்டுக்குத் துறைமுக அலுவலகத்தில் கிளார்க் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கொட்டாஞ்சேனை ஹோலில் செஸ். பதினொரு வருஷமாக பி டிவிஷன். இன்று வென்றால் ஏ டிவிஷன். எதிரே உட்கார்ந்தவர் வெள்ளவத்தை ஹார்ட்வெயார் கடை ஸாலிஹ். அவருக்கும் அதே பி டிவிஷன், அதே ஆசை.

"ஃபேனா?" என்றாள் மாக்ரெட்.

"பின்ன? நேர எனக்கு மேல சுத்துது. ஸ்கோர் ஷீட் பறக்குது. ஒரு கையால அதை அமத்திக்கொண்டு மற்றக் கையால விளையாடினா எந்த மனுசன் வெல்லுவான்? கை குடுக்கேக்கயே ஸாலிஹிட்டச் சொல்லிட்டன், இது உம்மட வெற்றி இல்ல, ஃபேன்ட வெற்றி எண்டு."

"போன முறை அத்தர் வாசம் எண்டு சொன்னீங்க."

"அது போன முறை. அதுக்கு முந்தி கதிரை ஆடினது." ஒஸ்வால்ட் சப்பாத்தைக் கழற்றி ஒரு மூலையில் எறிந்தார். "ஆயிரம் பேர் செஸ் விளையாடினா ஒருத்தன்தான் மாஸ்டர் ஆகிறான், மாக்ரெட். மிச்ச ஆக்களுக்கு மூளை இல்லையா? இருக்கு. சூழ்நிலை விடுதில்ல!"

கண்ணாடி அலுமாரியில் அவர் வென்ற ஆட்டங்களின் ஃபைல் இருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் பிளாஸ்டிக் உறை. தோற்ற ஆட்டங்களுக்கு அந்த வீட்டில் இடமில்லை. அவை ஹோல் வாசலிலேயே கசங்கிக் குப்பைக் கூடைக்குள் போய்விடும்.

அவர் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது வாசலில் குசுகுசுப்புக் கேட்டது.

ஸாலிஹ்! கையில் ஒரு கசங்கிய தாள். அதை மாக்ரெட்டிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"அவர் காணல்லயே?"

"இல்ல ஸாலிஹ் நானா. குளிக்கிறார். கெதியாத் தாங்க."

ஒஸ்வால்டுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன ஸாலிஹ், வெண்டது காணாதா? வீடு தேடி வந்து என்ட மனுசிக்கும் காட்டோணுமா?"

ஸாலிஹ் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல விழித்தார். "அப்பிடி இல்ல ஒஸ்வால்ட்..."

மாக்ரெட் அசரவில்லை. உள்ளே போய், மேசை விரிப்புகளுக்கு அடியில் இருந்த ஃபைல் ஒன்றை எடுத்துவந்து கணவரின் கையில் வைத்தாள்.

திறந்தால் எல்லாம் அவருடைய கையெழுத்து! கசக்கி எறிந்த தாள்கள், அயர்ன் பண்ணி, வரிசையாக. அவர் தோற்ற இருபத்தேழு ஆட்டங்கள். ஓரத்தில் பச்சை மையில் வேறொருவர் எழுதிய குறிப்புகள்.

"என்னை உளவு பாத்திருக்கிறீர்!"

"மூணு வருஷத்துக்கு முந்தி இப்பிடி ஒரு தாள நேராவே உங்களுக்குத் தந்த. 'நீர் எனக்குப் படிப்பிக்க வேணாம்' எண்டு சொன்னீங்க. அதான் அக்காட கையில..." என்று இழுத்தார் ஸாலிஹ்.

"நான்தான் வைச்சிருந்தனான்," என்றாள் மாக்ரெட். "'பிழை என்ட' எண்டு ஒரு நாளாவது சொல்லிக்கொண்டு வருவீங்க, அண்டைக்குத் தருவம் எண்டு இருந்தனான். ஃபைல்தான் நிரம்பினது."

ஒஸ்வால்ட் தாள்களைப் புரட்டினார்.

'குதிரையை வெட்டிய சந்தோஷத்தில் எழும்பி ஹோலைச் சுற்றப் போனீர்கள். திரும்பி வந்து நின்றபடியே நகர்த்தினீர்கள்.'

அடுத்ததில்: 'மறுபடியும் நின்றபடி.'

அதற்கடுத்ததில்: 'கதிரை சும்மாதானே இருந்தது?'

கோபம் பாதி இறங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளத்தான் மனமில்லை.

"இதில உமக்கென்ன லாபம்? நான் திருந்தினா தோக்கிறது நீர்தானே?"

ஸாலிஹ் தாடியைச் சொறிந்தார். "பதினொரு வருஷமா உங்களோடதான் விளையாடுற. இப்ப நான் மட்டும் ஏ டிவிஷனுக்குப் போற. அங்க எனக்கு யாரத் தெரியும்? அடுத்த வருஷம் நீங்களும் வாங்களேன்."

ஒஸ்வால்ட் ஃபைலை மெல்ல மூடினார். இப்படி ஒரு எதிராளி யாருக்குக் கிடைப்பான்? அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. ஆனால் பதினொரு வருஷப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடுமா?

"எல்லாம் சரி," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "முந்தினதெல்லாம் என்ட பிழையாவே இருக்கட்டும். ஆனா இண்டைக்கு நடந்தது சத்தியமா ஃபேனாலதான்!"

ஸாலிஹ் கொண்டுவந்த தாளை மாக்ரெட் கணவரிடம் நீட்டினாள்.

ஒஸ்வால்ட் அதை மேசையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்துச் சுருக்கத்தை எடுத்தார். முப்பத்தோராவது நகர்வுக்குப் பக்கத்தில் பச்சை மையில் எழுதியிருந்தது:

'வெற்றி உங்கள் கையில் இருந்தது. நின்றபடி நகர்த்தினீர்கள். ஃபேன் ஓடவில்லை, ஒஸ்வால்ட். கரண்ட் போய் அப்போதே ஒரு மணித்தியாலம்.'