தெறிக்காத சேறு

"ஈயத்தக் காய்ச்சி ஊத்துதியே, பயமா இல்லையாட்டி?" என்று சேசம்மாள் சித்தி ஒருநாள் கேட்டாள். இல்லை. நான் வார்த்த குண்டுகளை அப்பா இன்று டிராம்பே கழியோரத்தில் சுட்டுக் காட்டுகிறார். பட்டாளத்தில் ஏலம்விட்ட பழைய துப்பாக்கி. சரியாகச் சுட்டால் கிடங்குக் காவல் வேலை அப்பாவுக்கு. கிடங்கு முதலாளி ஷேக் பரீத் குடை பிடித்து நிற்கிறார். சேற்றின்மேல் வெயில் வெள்ளையாகக் கிடக்கிறது. அப்பா சேற்றைக் குறிபார்த்து விசையை இழுக்கிறார். ஈரத்துணியை உதறியதுபோல் ஒரு சத்தம். "என்ன லாசரு, கொசுவா அடிக்கீரு?" என்கிறார் முதலாளி. "மருந்து கம்மி மொதலாளி. இன்னொண்ணு சுடுதேன்." அப்பா அடுத்த தோட்டாவை நுழைக்கிறார். "அப்பா, சுடாதிய. சேறு தெறிக்கல. குண்டு உள்ளயே நிக்கு." அவர் தோட்டாவை எடுத்துவிட்டு, குழல் வாயில் கம்பியை விடுகிறார். பாதியில் முட்டுகிறது. சுட்டிருந்தால் குழல் அவர் முகத்திலேயே வெடித்திருக்கும். அப்பா மறுபடியும் குத்திப் பார்க்கிறார். வெளியே நிற்கும் பாதிக் கம்பியை முதலாளி பார்க்கிறார். பிறகு குடையோடு திரும்பி ரோட்டைப் பார்த்து நடக்கிறார்.