துணி காயப்போட ஒரு பைப்

“நல்லா நனைஞ்ச போர்வை என்ன கனம் இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? அதுக்குத்தான் தடிப்பான பைப்பா கேக்குறேன்” என்றார் கணக்கர், கடைக்காரரின் முகத்தைப் பார்க்காமல்.

“துணி காயப்போடுற ஸ்டாண்டுக்கு எதுக்கு சார் அவ்வளவு தடிப்பு? இந்த மெலிசு பைப்பே போதும்.” கடைக்காரர் ஒன்றைத் தட்டிக் காட்டினார். “போர்வை என்ன, அதைப் போத்திக்கிட்டிருக்கிற ஆளையே சேர்த்துத் தொங்கப் போடலாம்.”

பக்கத்தில் நின்ற மனைவி சிரித்தாள். கணக்கருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஸ்டாண்டு என்பதே பச்சைப் பொய்.

அவர் செய்யப்போவது முழங்கால் உயரத்துக்கு ஒரு மினி பைக். பழைய இரும்புக் கடையில் வாங்கிய தண்ணீர் பம்பு எஞ்சின், வீட்டுப் பரணில் கிழிந்த மெத்தைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. சக்கரங்கள் கட்டிலுக்கு அடியில். பாக்கி இருப்பது ஃபிரேம் மட்டும்தான்.

முன்பு ஒருமுறை வாஷிங் மெஷின் மோட்டாரைக் கழற்றிப் புல்வெட்டும் வண்டி செய்யப் போனார். புல்லும் வெட்டவில்லை, துணியும் துவைக்கவில்லை. “இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு நட்டு வந்தாலும் நேரா குப்பை வண்டிக்குத்தான் போகும்” என்று அன்றைக்கே அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்கிறவள்.

ஆபீஸில் நாள் முழுக்க அடுத்தவர் போட்ட கூட்டலைச் சரிபார்த்தே தலை நரைத்த மனிதருக்கு, சொந்தமாக இருந்த ஒரே ஆசை அந்த பைக். விஷயம் தெரிந்தால் எஞ்சின் போன வழி தெரியாது.

காலையில் “பைப் வாங்கப் போறேன்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். “எதுக்கு?” என்றாள். பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த சட்டை கண்ணில் பட்டது, பொய் தயாராகிவிட்டது. “துணி காயப்போடுறவ நான்தானே, நானும் வர்றேன்” என்று அவள் உடனே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“சரி, தடிப்புதான் வேணும்னா ஜி.ஐ. பைப் எடுத்துக்குங்க சார்” என்றார் கடைக்காரர். “மேல துத்தநாகம் பூசியிருக்கு. எவ்வளவு ஈரம் பட்டாலும் துரு அண்டாது.”

துணிக்கு அதைவிடப் பொருத்தமான பைப் கிடையாது. ஆனால் அதில் வெல்டிங் வைத்தால் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை கிளம்பும். அது மூச்சில் ஏறினால் காய்ச்சலில் படுக்க வேண்டியதுதான். பைக்குக்கு வேண்டியது பூச்சில்லாத கறுப்பு பைப். வெல்டிங்கும் நன்றாகப் பிடிக்கும், வளைத்தாலும் நசுங்காது. என்ன செய்வது, சொன்ன பொய்யே குறுக்கே வந்து நின்றது.

“எனக்குக் கறுப்பு பைப்பே குடுங்க.”

“துரு பிடிக்கும் சார். வெள்ளைச் சட்டையெல்லாம் வீணாப் போயிடும். அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா.”

கணக்கர் சட்டென்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளோ மெல்லிய பைப்புகள் இருந்த அடுக்கின் பக்கம் போய்விட்டிருந்தாள். வெண்டைக்காய் பொறுக்குகிற மும்முரத்தோடு ஒவ்வொன்றாகக் கைக்குள் பொத்திப் பிடித்து, விரல் முழுசாகச் சுற்றி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெயின்ட் அடிச்சா துரு பிடிக்காதுல்ல? அவர் கேக்குறதையே குடுங்க” என்றாள், திரும்பாமலே.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதை அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. நியாயமாக அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் தலைக்கேறியிருந்ததால் வரவில்லை.

“அப்படியே இதை ‘ப’ மாதிரி வளைச்சுக் குடுத்துடுங்க” என்றார் தைரியமாக. “முன்பக்கம் கொஞ்சம் மேல தூக்கினாப்புல.”

“ஸ்டாண்டை எதுக்கு சார் வளைக்கணும்?”

“காத்தடிச்சா துணி நழுவாம இருக்கத்தான்.”

“எந்தச் சட்டைக்கும் இவ்வளவு மரியாதை குடுத்து நான் பாத்ததில்ல சார்.” கடைக்காரர் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டார். “அப்புறம்?”

“நடுவுல ரெண்டு பட்டை. அதுமேலதான் எஞ்சி...” கணக்கர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் இன்னும் பைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “எஞ்சின துணியெல்லாம் உக்காரும்.”

“துணி உக்காருமா சார்?”

“கனமான துணி. உக்காரும்.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வாங்குகிறவர் விருப்பம், நமக்கென்ன என்று நினைத்தாரோ என்னவோ, பைப்பை இழுத்து வெட்டும் மெஷினில் வைத்தார். ஃபிரேம் கைக்கு வந்தது போலவே இருந்தது கணக்கருக்கு. விசிலடிக்கத் தோன்றியது, அடக்கிக்கொண்டார்.

“ஒரு நிமிஷம், நிறுத்துங்க!”

மனைவியின் குரல். மெஷின் ஸ்விட்சுக்குப் போன கடைக்காரரின் கை அப்படியே நின்றது. பரண், மெத்தை, குப்பை வண்டி என்று எல்லாம் கணக்கரின் கண்முன் ஓடின. இத்தனை பாடுபட்டு வாசல்வரை வந்தது கெட்டதே என்று நிஜமாகவே அழுகை வரும்போல இருந்தது.

“என்னம்மா, பைப் பிடிக்கலையா?” என்றார் கடைக்காரர்.

“அதெல்லாம் அவர் சரியாத்தான் எடுத்திருக்கார்.” தேர்ந்தெடுத்த மெல்லிய பைப் ஒன்றை மேஜைமேல் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் அகட்டி வைத்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஹேண்டில்பாரை மட்டும் என் கைக்கு அளவெடுத்து வெட்டுங்க, முதல்ல ஓட்டப் போறது நான்தான்.”