வரைபடத்தில் நீலம்

வீட்டருகே கடற்கரையில் எப்போதும் கூட்டமாம். வரைபடத்தில் நீலமாக இருந்ததை நம்பி, அப்பாவின் அஸ்தியைக் கரைக்க அக்காவை ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஏரி ஒன்றுக்கு அழைத்து வந்திருந்தான் சபரிநாதன். பார்வை மேடை இருந்தது, பறவைகள் படம் போட்ட பலகை இருந்தது. ஏரியில் கண்ணுக்கெட்டிய வரை காய்ந்த உப்புதான்.

அவன் குடிநீர் பாட்டிலைத் திறந்தான். “இத ஊத்திக் கரைச்சிடலாம்க்கா.”

“உப்புல போட்டு அப்பாவ ஊறுகாயாக்கப் போறியா?”

அப்பா இருந்தபோதும் ராட்சத சிமெண்ட் ஆட்டுச் சிலை, சிவப்புப் பாறை என்று நாள் முழுக்கக் காரோட்டிக் கொண்டுபோய்க் காட்டுவான். அவர் கார்க் கண்ணாடியைக்கூட இறக்காமல், “பாத்தாச்சு, போலாம்” என்பார்.

அக்கா கலசத்தைப் பின்சீட்டில் வைத்து பெல்ட்டை மாட்டினாள்.

“அப்பா பாத்துட்டார். வண்டிய எடு.”