டாக்டர் வரும் திங்கட்கிழமை

"காளை மாதிரி நிக்கான். இவனுக்கு மூணு மாசம் லீவா?"

மில் கேட்டில் வைத்து மேஸ்திரி வெள்ளைத்துரை இப்படிக் கேட்டதும் முத்துத்தாய்க்குத் தலை கவிழ்ந்துவிட்டது. அவள் புருசன் காசிமாயன் அன்றைக்கு அப்படித்தான் நின்றான்.

காசிமாயனுக்கு மூச்சிழுப்பு. வருஷத்தில் பாதி நாள் சுவரில் சாய்ந்தபடியேதான் தூங்குவான். ஆனால் அன்றைக்கு மில் டாக்டர் வரும் திங்கட்கிழமை. பெரிய மனுசர் முன்னால் போய் நிற்க ஒரு மரியாதை வேண்டாமா? முத்துத்தாய் விடியற்காலையிலேயே அவனை வெந்நீரில் குளிப்பாட்டி, தூதுவளைக் கசாயம் ஒரு டம்ளர் கொடுத்து, வெளுத்த வேட்டி கட்டி, திருநீறு பூசி, மாப்பிள்ளை மாதிரி கூட்டி வந்தாள்.

டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்தார், முதுகில் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. 'நோய் ஏதுமில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

செல்லூர் வைத்தியர் எழுதிய சீட்டு அவள் முந்தியில் முடிந்திருந்தது. மில்லில் அது செல்லாது. மில் டாக்டர் எழுதினால்தான் லீவு. லீவு இல்லாமல் வீட்டில் படுத்தால் பேரை அடித்துவிட்டு, வேலையைப் பதிலி ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அது உலகச் சண்டைக் காலம். மில் ராப்பகலாக ஓடியது. ஓர் இடம் காலியானால் பத்துப் பேர் கேட்டில் நின்றார்கள்.

காசிமாயனுக்குப் பதிலியாக நின்றவன் பேயாண்டி. மேஸ்திரியின் பொண்டாட்டிக்குக் கூடப்பிறந்த தம்பி. அப்புறம் சொல்லவும் வேண்டுமா?

"அண்ணே, நேத்து ராத்திரி பூராம் உக்காந்தே கெடந்தாருண்ணே. காலையில கசாயம் குடுத்தேன், அதுல அடங்கிருச்சு. மத்தியானம் மறுபடி வந்துரும்ணே."

"மத்தியானம் டாக்டர் இருக்க மாட்டாரு."

"வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்கண்ணே."

"ஆமா, பல்லக்கு அனுப்புறேன்."

வெள்ளைத்துரை வெற்றிலையைத் துப்பினான். கொஞ்ச நேரம் காசிமாயனையே பார்த்தான்.

"அடுத்த திங்கக்கிழமைதான் கடைசி. அன்னைக்கும் நல்லா இருக்கான்னு எழுதிட்டா பேரை அடிச்சிருவாக. அஞ்சு மணிக்கே இவன் இங்க இருக்கணும். கசாயம் கிசாயம்னு வீட்ல நேரம் போக்குனே, கேட்டைச் சாத்திருவேன்."

அந்தத் திங்கட்கிழமை கசாயமும் இல்லை, வெந்நீரும் இல்லை. விடியுமுன்னே ஆற்று மணலில் இறங்கி நடந்தார்கள். பாதி மணலிலேயே காசிமாயனின் நெஞ்சில் விசில் கேட்டது. ஆனாலும் கேட்டுக்கு வந்து உட்கார்ந்ததும், கொடுத்து வைக்காத மனுசனுக்கு அது அடங்கிவிட்டது.

எட்டு மணிக்கு டாக்டர். ஏழரைக்கு வெள்ளைத்துரை எழுந்து வந்தான்.

"சும்மா உக்காந்திருக்கவாடா வந்தே? போய்ப் பஞ்சு ரூமைக் கூட்டு."

பஞ்சுப் பொதியை உடைத்து அடிக்கிற அறை அது. நல்ல நெஞ்சுக்காரனே வாயில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவான்.

"அண்ணே, அங்க போனாச் செத்துருவாருண்ணே!"

"வெளிய நில்லு. டேய், துண்டைக் கழட்டு. துண்டு கட்டுனா வேலை ஓடாது."

காசிமாயன் துடைப்பத்தை எடுத்தான். பேரை அடித்துவிடுவார்கள் என்கிறபோது மூச்சாவது பேச்சாவது. வெள்ளைத்துரை அறை வாசலிலேயே நின்று, வைத்த கண் வாங்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேடிக்கை பார்க்கிறான் பாவி என்று முத்துத்தாய்க்கு வயிறு எரிந்தது. குனிந்து இரண்டு கை மண்ணை வாரி அவன் முதுகில் தூற்றினாள்.

"நீ வெளங்குவியா? உங் குடி வெளங்குமா?"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் வந்தபோது காசிமாயனை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். கண் பிதுங்கியிருந்தது. குழாய் வைக்கத் தேவையே இல்லை, மூன்று முழத்துக்கு அப்பாலேயே நெஞ்சு கேட்டது.

வெள்ளைத்துரை வாயைப் பொத்திக்கொண்டு பணிவாகச் சொன்னான்: "வேசம் போடுறான் சார். இவனுக்கு ஒரு நோவும் கிடையாது."

டாக்டர் முகம் சிவந்தது.

"டாக்டர் நீயா, நானா?"

"நீங்கதான் சார்."

"அப்ப வாயை மூடு."

டாக்டர் ஊசி போட்டார். மூன்று மாதம் ஓய்வு, வேலை இவனுக்கே இருக்க வேண்டும், பதிலி அதுவரைக்கும் மட்டும் என்று எழுதி, கோபத்தில் அடியில் இரண்டு கோடும் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் காசிமாயனுக்கு மூச்சு வாங்குவது தணிந்தது. வெள்ளைத்துரை சீட்டைக் கொண்டுவந்து முத்துத்தாயிடம் நீட்டினான். அவள் வாங்காமல் முறைத்தாள். உள்ளங்கையில் இன்னும் மண் இருந்தது.

"பிடி. மூணு மாசம் கழிச்சு வேலையில சேரணும்னாலும் இதே டாக்டர்தான் பாக்கணும். அன்னைக்கு மறக்காம வெந்நில குளிப்பாட்டி, கசாயத்தை ரெண்டு டம்ளராக் குடுத்துக் கூட்டியா."

முத்துத்தாய்க்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அண்ணே, நான் மண்ண வாரி..."

வெள்ளைத்துரை சட்டையை உதறிக்கொண்டான்.

"அது கெடக்கு தாயி. தம்பிக்கு வேலை இல்லேன்னு தெரிஞ்சதும் எம் பொண்டாட்டி தூத்தப் போற மண்ணுக்கு முன்னால இதெல்லாம் எம்புட்டு?"