வெறும் வயிறு

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா சார்?"

ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து கிடந்த மயக்க டாக்டர், இல்லை என்று தலையாட்டினார்.

இருபது வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டு வந்தவர் அவர்தான். இன்றைக்குப் பித்தப்பை அவருடையது. கேட்பது அவரோடு வேலை பார்க்கும் டாக்டரம்மா.

பாழாய்ப்போன டீ.

படுக்க வந்த மனுஷன் நேராக வார்டுக்குப் போயிருக்கலாம். பழக்க தோஷம், கால் டாக்டர்கள் அறைக்குப் போனது, கை பிளாஸ்க்கைத் திறந்தது. பால் போட்ட டீ, முழு டம்ளர். கடைசி மடக்கு இறங்கிய பிறகுதான் உறைத்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? ஒரு வாய் காபி குடித்ததற்காக நேற்றுகூட ஒரு லாரி டிரைவரை, நரைத்த மீசை துடிக்க, எல்லார் முன்னாலும் வறுத்தெடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இந்த அறையில் அவரிடம் திட்டு வாங்காத ஆளே கிடையாது.

டாக்டரம்மா தட்டிலிருந்த டியூபை ஒதுக்கிவிட்டுத் தொண்டை மாஸ்க்கை எடுத்தாள். அவருக்குக் குப்பென்று வியர்த்தது.

டியூப் என்றால் மூச்சுக்குழாய்க்குள்ளேயே போய் இறுக்கி அடைத்துக்கொள்ளும். மாஸ்க் அதன் வாசலில் மூடிபோல உட்காரும், அவ்வளவுதான். இதுவோ துளை போட்டு, வயிற்றைக் காற்றால் ஊத வைத்துச் செய்யும் ஆபரேஷன். அந்த அழுத்தத்தில் டீ மேலேறி வந்தால் நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

"எதுக்கும் டியூபே போட்டுடேம்மா," என்றார், போகிறபோக்கில் சொல்வதுபோல.

"வெறும் வயிறுதானே சார்? இதுக்கு மாஸ்க் போதும்னு நீங்கதானே சொல்வீங்க."

நர்ஸ் அவர் கைகள் இரண்டையும் பட்டை போட்டுக் கட்டினாள். வெளியே பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். உயிரா மானமா என்று உள்ளே ஒரு பட்டிமன்றமே நடந்தது. வெட்கக்கேடு, மானம்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

முகத்தின் மேல் ஆக்ஸிஜன் மூடி இறங்கியது.

"தூங்கப் போறீங்க சார்," என்று தலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"டீ குடிச்சிட்டேன்!" என்று கத்தினார். மூடிக்குள் ஆவி படிந்ததுதான் மிச்சம். கையை உதறினார், பட்டை விடவில்லை. நரம்புக்குள் ஊசி மருந்து ஜில்லென்று ஏறியது.

போச்சு. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

இந்த மருந்து ஏறும்போது எரியும். 'கொஞ்சம் எரியும், பயப்படாதீங்க' என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்!

எரியவில்லை.

காத்திருந்தார். தூக்கமும் வரவில்லை.

மெல்லக் கண்ணைத் திறந்தார். டாக்டரம்மா, நர்ஸ், சர்ஜன், எல்லாரும் குனிந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா ஆக்ஸிஜன் மூடியை எடுத்தாள்.

"ஏத்தினது வெறும் உப்புத்தண்ணி சார். நீங்களா சொல்வீங்கன்னு கடைசி வரைக்கும் பார்த்தோம். ஆபரேஷன் நாளைக்கு, இப்ப வீட்டுக்குக் கிளம்புங்க."

கட்டை அவிழ்த்துவிட்டு, ஈரப் பஞ்சு ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

"அதுக்கு முன்னாடி மீசையத் தொடச்சுக்குங்க. உள்ள வரும்போதே எல்லாரும் பார்த்துட்டோம்."